தலைமைக் கணக்குத் தணிக்கையரும் சட்டமன்ற மேற்பார்வையும்

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் என்பவர், மத்திய அரசும் மாநில அரசுகளும் செலவிடும் பொதுப் பணத்தைத் தணிக்கை செய்து, அதன் முடிவுகளை நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தெரிவிக்கும் அரசியலமைப்புப் பதவியாளர் ஆவார். செய்தித்தாள்களில் ‘சிஏஜி’ என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படுபவர் இவரே. தலைமைத் தேர்தல் ஆணையரைப் போல, அரசின் ஆணைக்குக் கட்டுப்படாத சுதந்திரமான பதவி இவருடையது.

இத்தகைய பதவிகளைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, ஆட்சியில் இருப்பவர்களின் தவறை எழுதுகிறவரை அவர்களே தண்டித்துவிடாமல் காப்பது எப்படி? மற்றொன்று, அப்படிக் காப்பாற்றப்பட்டவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? முதல் கேள்விக்கு இந்திய அரசியலமைப்பு நல்ல விடை வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை சட்டமன்றமும் நாடாளுமன்றமும்தான். தணிக்கையரின் சுதந்திரம் அறிக்கையை அச்சமின்றி எழுத உதவும். அந்த அறிக்கையால் பயன் விளைவது சட்டமன்றம் அதை உரிய நேரத்தில் பெற்று, படித்து, கேள்வி கேட்பதைப் பொறுத்தது. தென்சென்னைப் புறநகர் மக்கள் நேரில் அனுபவித்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம்.

பள்ளிக்கரணையும் 2015 வெள்ளமும்

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தென்சென்னையின் இயற்கை வடிகால். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து கடலுக்குச் செல்கிறது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேராகப் பரந்திருந்த இந்நிலம் குப்பைக் கிடங்கு, சாலைகள், கட்டடங்கள் ஆகியவற்றால் சுருங்கியது. 2007ஆம் ஆண்டில் இதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிப் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகளில் நீர் வடிய வழியின்றித் தேங்கியது. முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் அடையாற்றின் மேற்பகுதி ஏரிகளிலிருந்து வந்த வெள்ளம் புகுந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. இந்த மூன்று வெள்ளங்களுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்றாலும், பாதிக்கப்பட்ட மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது மழையால் மட்டும் வந்ததா, இல்லை, செய்ய வேண்டியதைச் செய்யாததால் வந்ததா?

ஆட்சியில் இருப்பவர் சொல்லும் விடையை எதிர்க்கட்சி ஏற்காது. எதிர்க்கட்சி சொல்லும் விடையை ஆட்சியில் இருப்பவர் ஏற்கமாட்டார். இரண்டு பக்கமும் சாராத ஒருவர் கோப்புகளைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடம் இது. அதற்கான அதிகாரம் பெற்றவர் தலைமைக் கணக்குத் தணிக்கையர்.

சென்னையிலும் அதன் புறநகர்ப் பகுதிகளிலும் வெள்ள மேலாண்மை எவ்வாறு நடந்தது என்பதைப் பற்றி அவர் அளித்த செயல்திறன் தணிக்கை அறிக்கை, 2017ஆம் ஆண்டின் 4ஆம் எண் அறிக்கை ஆகும். வெள்ளச் சமவெளிகளில் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இல்லாதது, நீர்நிலை ஆக்கிரமிப்புகள், திட்டமிட்ட வெள்ளத் தடுப்புப் பணிகள் நிறைவேறாதது போன்ற குறைகளை அது சுட்டிக்காட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி அளவுக்கு நீர் திறக்கப்பட்ட முறையையும் கடுமையாக விமர்சித்தது. நீர் திறப்பு விதிமுறைகளின்படியே நடந்தது என்று தமிழக அரசின் தலைமைச் செயலர் 2015 டிசம்பரிலேயே விளக்கம் அளித்திருந்தார். இரு தரப்பு வாதங்களையும் எடைபோட வேண்டிய மன்றம் சட்டமன்றம்.

ஆனால் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் 2018 ஜூலை 9. வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அறிக்கையின் எண்ணில் உள்ள ஆண்டே 2017தான். எழுதப்பட்ட ஓர் அறிக்கை அவைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பதை அறிய, அப்பதவியின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

பதவியின் வரலாறு

இந்தியாவில் தணிக்கைத் தலைவர் பதவி 1860ஆம் ஆண்டில் தோன்றியது. பிரிட்டிஷ் அதிகாரி எட்மண்ட் டிரம்மண்ட் அப்பதவியின் முதல்வர். அவர் பொறுப்பேற்ற நவம்பர் 16ஆம் நாளே இப்போது தணிக்கை நாளாகக் கொண்டாடப்படுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்பதவியை முதலில் வகித்தவர் வி. நரஹரி ராவ். 1948 முதல் 1954 வரை அவர் பதவியில் இருந்தார்.

அரசியலமைப்பு நிர்ணய சபையில் 1949 மே மாதம் இப்பதவி பற்றிய விவாதம் நடந்தபோது, அரசியலமைப்பில் மிக முக்கியமான அதிகாரி இவராகவே இருக்கக்கூடும் என்றும், இவரது கடமை நீதித்துறையின் கடமையைவிடவும் முக்கியமானது என்றும் டாக்டர் அம்பேத்கர் கருத்துத் தெரிவித்தார். மக்களின் பிரதிநிதிகள் எந்தச் செலவுக்கு அனுமதி கொடுத்தார்களோ அந்தச் செலவுக்குத்தான் பணம் போனதா என்று பார்க்க ஒருவர் இல்லாவிட்டால், அவை நிதிநிலை அறிக்கைக்கு ஒப்புதல் தருவது வெறும் சடங்காகிவிடும் என்பதே இதன் உட்பொருள்.

சுதந்திரத்துக்கான காப்புகள்

அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான உறுப்புகளும், 1971ஆம் ஆண்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சட்டமும் இப்பதவியைப் பற்றிக் கூறுகின்றன. அவற்றில் உள்ள முக்கியமான காப்புகள் வருமாறு:

1. பதவிக்காலம் நிலையானது. ஆறு ஆண்டுகள் அல்லது 65 வயது, இவற்றில் எது முன்னதோ அதுவரை பதவி வகிக்கலாம்.

2. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் இவரையும் நீக்க முடியும். நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது திறனின்மை என்ற காரணம் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். இதுவரை எவரும் இவ்வாறு நீக்கப்படவில்லை.

3. ஊதியம் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு இணையானது. நியமனத்துக்குப் பின் அவருக்குப் பாதகமாக அதை மாற்ற முடியாது.

4. இவரது அலுவலகத்தின் நிர்வாகச் செலவு இந்தியத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாட்டப்படுகிறது. அதை நாடாளுமன்றம் விவாதிக்கலாம். வாக்கெடுப்பில் வெட்ட முடியாது.

5. பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பணியில் அமரக்கூடாது.

ஐந்தாவது காப்பின் நோக்கம் எளிதில் விளங்கும். நாளை ஒரு பதவி கிடைக்கும் என்ற ஆசை இன்றைய பேனாவைத் தளர்த்திவிடக்கூடாது. ஆயினும் இதில் ஓர் இடைவெளி உள்ளது. 1984 முதல் 1990 வரை தணிக்கையராக இருந்த டி. என். சதுர்வேதி, பின்னாளில் ஓர் அரசியல் கட்சியின் சார்பில் மாநிலங்களவை உறுப்பினராகவும், அதன்பின் கர்நாடக ஆளுநராகவும் ஆனார். நாடாளுமன்ற உறுப்பினர் பொறுப்பையும் ஆளுநர் பொறுப்பையும் ‘அரசின் கீழ் உள்ள பணி’ என்று சட்டம் கருதுவதில்லை. எனவே விதி மீறப்படவில்லை. விதியின் நோக்கம் நிறைவேறியதா என்பதே விவாதத்துக்கு உரியது.

அறிக்கை செல்லும் பாதை

தணிக்கை மூன்று வகைப்படும். கணக்குகள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது நிதித் தணிக்கை. சட்டமும் விதியும் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது இணக்கத் தணிக்கை. செலவிட்ட பணத்துக்குரிய பயன் கிடைத்ததா என்று பார்ப்பது செயல்திறன் தணிக்கை. சென்னை வெள்ளம் பற்றிய அறிக்கை மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஒரு கால்வாய் தூர்வாரப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஒப்பந்தம் முறைப்படி விடப்பட்டதா என்பது இரண்டாவது. தூர்வாரிய பின் தண்ணீர் ஓடியதா என்பது மூன்றாவது.

தணிக்கை அலுவலர்கள் முதலில் தங்கள் குறிப்புகளைத் துறைக்கு அனுப்பி விளக்கம் கேட்பார்கள். துறையின் விளக்கம் ஏற்கத்தக்கதாக இருந்தால் குறிப்பு கைவிடப்படும். இல்லாவிட்டால் குறிப்பும் விளக்கமும் தணிக்கையரின் மறுமொழியும் சேர்ந்து அறிக்கையில் இடம்பெறும். ஆகவே ஒவ்வொரு அறிக்கையிலும் அரசுத் தரப்பின் குரலும் உண்டு.

அறிக்கை முடிந்ததும், மத்திய அரசு பற்றியதானால் குடியரசுத் தலைவரிடமும், மாநில அரசு பற்றியதானால் ஆளுநரிடமும் அளிக்கப்படும். அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்று 151ஆம் உறுப்பு கூறுகிறது. எத்தனை நாட்களுக்குள் வைக்க வேண்டும் என்று அது கூறவில்லை. நடைமுறையில் அறிக்கையை அவையில் வைக்கும் வேலை, அந்த அறிக்கையால் குறை கூறப்பட்ட அரசின் கையிலேயே இருக்கிறது.

கால வரம்பு இல்லாததன் விளைவு

ஒரு மாணவனின் தேர்வு மதிப்பெண் பட்டியலை அவனிடமே கொடுத்து, ‘வீட்டில் காட்டு, எப்போது வேண்டுமானாலும் காட்டலாம்’ என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கிறது. நல்ல மதிப்பெண் பட்டியல் அன்றைக்கே வீட்டுக்குப் போகும்.

தமிழ்நாட்டில் மட்டும் உள்ள குறை அல்ல இது. தில்லியில் 14 தணிக்கை அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படாமல் இருந்தன. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2025 ஜனவரியில் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. ஆனால் அவையைக் கூட்டும்படி பேரவைத் தலைவருக்கு உத்தரவிடவில்லை. தேர்தலில் ஆட்சி மாறிய பின்னர், 2025 பிப்ரவரியில்தான் அந்த அறிக்கைகள் அவைக்கு வரத் தொடங்கின. முந்தைய ஆட்சியைப் பற்றிய அறிக்கையை அடுத்த ஆட்சி ஆர்வத்துடன் வெளியிடுவது இயல்பு. அப்படி வரும் அறிக்கை ஒரு கட்சியின் ஆயுதமாகத் தோன்றும். குறையைத் திருத்துவதற்கான காலமோ கடந்து போயிருக்கும்.

இதனோடு ஒப்பிட வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதே 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றி நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழுவும் ஆராய்ந்தது. நீர்நிலைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் ஏற்பட்ட ஆக்கிரமிப்புகளைக் கடுமையாகச் சாடிய அதன் 198ஆம் அறிக்கை 2016 ஆகஸ்டிலேயே, அதாவது ஒன்பது மாதங்களுக்குள், நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. நிலைக்குழுவின் ஆய்வும் தணிக்கையும் ஒரே வகை வேலை அல்ல. தணிக்கைக்கு ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் அதிகக் காலம் பிடிக்கும். ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. நிலைக்குழு தன் அறிக்கையைத் தானே அவையில் அளிக்க முடியும். தணிக்கையரால் அது முடியாது. அவர் சுதந்திரமாக எழுதலாம். எழுதியதைச் சுதந்திரமாக அவையில் வைக்க இயலாது.

பொதுக் கணக்குக் குழு

அவையில் வைக்கப்பட்ட அறிக்கை பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குச் செல்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய அறிக்கைகளை ஆராய்வதற்குத் தனிக் குழு உள்ளது.

மத்திய அளவில் பொதுக் கணக்குக் குழு 1921ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இப்போது அதில் மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேருமாக 22 உறுப்பினர்கள் உள்ளனர். ஆண்டுதோறும் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதால் எல்லாப் பெரிய கட்சிகளுக்கும் இடம் கிடைக்கிறது. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது.

1967ஆம் ஆண்டு முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே இக்குழுவுக்குத் தலைவராக இருப்பது மரபு. அம்மரபில் முதலாமவர், ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த மினூ மசானி. செலவு செய்தவர்களே செலவைச் சரிபார்த்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும் என்பதுதான் இம்மரபின் காரணம்.

மாநிலச் சட்டமன்றங்களிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2021 தேர்தலுக்குப் பின் அமைந்த குழுவுக்குக் காங்கிரஸ் கட்சியின் கு. செல்வப்பெருந்தகை தலைவரானார். காங்கிரஸ் அரசில் பங்கேற்காத கட்சி. அதே வேளையில் ஆளும் கட்சியின் தேர்தல் கூட்டணியில் இருந்த கட்சி. ‘எதிர்க்கட்சி’ என்ற சொல்லை எப்படிப் பொருள்கொள்வது என்பது, கூட்டணி அரசியல் நிலைபெற்ற மாநிலங்களில் மரபுக்கு முன் நிற்கும் கேள்வி. எழுதப்பட்ட விதியாக இல்லாத மரபை ஒவ்வொரு காலமும் தனக்கேற்பப் பொருள்கொள்ள முடியும்.

குழுவின் கூட்டத்தில் துறைச் செயலர்கள் வந்து விடை சொல்ல வேண்டும். தணிக்கையரோ அவருடைய மாநில அலுவலகத்தின் மூத்த அதிகாரிகளோ குழுவின் அருகில் இருந்து, எந்த ஆவணத்தில் எது உள்ளது என்று எடுத்துக்கூறுவர். பின்னர் குழு தன் பரிந்துரைகளை அவைக்கு அளிக்கும். அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையை அரசு தெரிவிக்க வேண்டும்.

இக்குழுவுக்கு வரம்புகளும் உண்டு. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. கொள்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் குழு செல்வதில்லை. பணம் செலவான பின்னரே ஆய்வு நடக்கிறது. அறிக்கைகளில் உள்ள பத்திகளில் சிலவற்றை மட்டுமே குழு நேரில் விசாரிக்க முடிகிறது. இந்தியாவில் குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கோ செய்தியாளர்களுக்கோ திறந்திருப்பதில்லை. ஒரு துறைச் செயலர் என்ன கேட்கப்பட்டார், என்ன சொன்னார் என்பது குழுவின் அறிக்கை வெளியாகும் வரை வெளியே தெரியாது.

தணிக்கையர் சொல்வது இறுதித் தீர்ப்பா?

தணிக்கை அறிக்கை வந்தவுடன் ‘ஊழல் நிரூபணம்’ என்று தலைப்பிடுவது ஊடகங்களின் வழக்கம். இது சரியன்று. அறிக்கை என்பது தகுதியுள்ள ஒருவர் எழுப்பும் வினா, தீர்ப்பு அன்று.

2010ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய அறிக்கை இதற்கு எடுத்துக்காட்டு. அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பை அறிக்கை பல வழிகளில் கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரிய தொகையான 1.76 லட்சம் கோடி ரூபாய் மட்டும் மக்கள் நினைவில் தங்கியது. 2011இல் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த வரைவு அறிக்கையைக் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் நிராகரித்தனர். கட்சி வேறுபாடு பாராமல் செயல்பட வேண்டிய குழு அன்று கட்சிவாரியாகப் பிளந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டு முறை தவறு என்று 122 உரிமங்களை ரத்து செய்தது. 2013இல் கூட்டு நாடாளுமன்றக் குழு இழப்புக் கணக்கீட்டை ஏற்கவில்லை. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.

ஒரே விவகாரத்தில் தணிக்கையர், குழு, உச்ச நீதிமன்றம், விசாரணை நீதிமன்றம் ஆகிய நான்கும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடின. முறை சரியா என்பது ஒரு கேள்வி. இழப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. யாராவது குற்றம் செய்தாரா என்பது இன்னொரு கேள்வி. தணிக்கையர் அரசின் வெறும் கணக்குப்பிள்ளை அல்லர், அரசு பணத்தைத் திறமையாகப் பயன்படுத்தியதா என்று ஆராய அவருக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவுபடுத்தியது. அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது, அதை அப்படியே முடிவாகக் கொள்ள முடியாது என்று 2013இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இப்பதவியின் இடம் புரியும்.

தணிக்கையரை யார் மேற்பார்வை செய்வது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அவரது கணக்கீட்டைக் குழு ஏற்கலாம், மறுக்கலாம். துறையின் விளக்கத்தைக் கேட்டபின் பத்தியைக் கைவிடலாம். அவரது அலுவலகத்தின் வேலைமுறையை மற்ற நாடுகளின் தணிக்கை அமைப்புகள் வந்து ஆராய்வதும் உண்டு. 2012இல் ஆஸ்திரேலியத் தணிக்கை அலுவலகத்தின் தலைமையில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது.

நியமனம் யார் கையில்?

நீக்குவதற்குக் கடினமான விதி வகுத்த அரசியலமைப்பு, நியமனத்துக்கு விதி வகுக்கவில்லை. குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று மட்டும் கூறுகிறது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் ஆகையால், தணிக்கைக்கு உள்ளாகும் அரசே தணிக்கையரைத் தேர்ந்தெடுக்கிறது.

மற்ற சில பதவிகளில் நிலைமை வேறு. மத்தியத் தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமருடன் மக்களவை எதிர்க்கட்சித் தலைவரும் ஒரு மத்திய அமைச்சரும் இருக்கின்றனர். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் தேர்விலும் எதிர்க்கட்சித் தலைவருக்கு இடம் உண்டு. அத்தகைய ஒரு நியமனத்தை, எதிர்க்கட்சித் தலைவர் பதிவு செய்த எதிர்ப்பு உரிய முறையில் கருதப்படாத நிலையில், 2011இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்தல் ஆணையர்கள் நியமனத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், ஓர் அமைச்சர் ஆகிய மூவர் குழுவை ஏற்படுத்தியது. மூவரில் இருவர் அரசுத் தரப்பினர் என்பதால் இச்சட்டமும் விமர்சிக்கப்படுகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையருக்கோ இத்தகைய குழுவும் இல்லை.

இதனால் எழும் சிக்கலுக்கு 2013ஆம் ஆண்டு நியமனம் ஓர் எடுத்துக்காட்டு. பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த சசிகாந்த் சர்மா அவ்வாண்டில் தணிக்கையர் ஆனார். தாம் பொறுப்பு வகித்த காலத்தின் பாதுகாப்புக் கொள்முதல்களைத் தம் அலுவலகமே தணிக்கை செய்ய வேண்டிய நிலை ஏற்படும் என்று எதிர்ப்பு எழுந்தது. நியமனம் நிலைத்தது, அவர் 2017 வரை பதவியில் இருந்தார். தனிமனிதரின் நேர்மையைப் பற்றிய கேள்வி அன்று இது. நேர்மையானவரே ஆனாலும், தம் பழைய கையெழுத்தைத் தாமே சரிபார்க்கும் நிலையில் அவரை வைக்கலாமா என்பதே கேள்வி. 2024 நவம்பரில் பொறுப்பேற்ற கே. சஞ்சய் மூர்த்தியும் மத்திய அரசுத் துறை ஒன்றின் செயலராக இருந்து வந்தவரே. நியமன முறையை மாற்றக் கோரும் பொதுநல மனு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025இல் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

பிற நாடுகளில்

பிரிட்டனில் பொதுக் கணக்குக் குழு 1861இல் தோன்றியது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள தலைமைத் தணிக்கையரை மக்களவையின் அலுவலராக்கியது. அவரை நியமிக்கும் தீர்மானத்தைப் பிரதமர் கொண்டுவர வேண்டும். அதற்குப் பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் இசைவு தேவை. பதவிக்காலம் பத்து ஆண்டுகள், மறுநியமனம் இல்லை. குழுவின் விசாரணைகளைப் பொதுமக்கள் பார்க்கலாம்.

இலங்கையில் இப்பதவி ‘கணக்காய்வாளர் தலைமை அதிபதி’ எனப்படுகிறது. அரசாங்கக் கணக்குகளைக் ‘கோபா’ குழுவும் அரசு நிறுவனங்களைக் ‘கோப்’ குழுவும் ஆராய்கின்றன. 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம், சுதந்திரப் பதவிகளின் நியமனத்தில் அரசாங்கத் தரப்பும் எதிர்த்தரப்பும் அமரும் அரசியலமைப்புப் பேரவைக்கு இடம் தந்தது. பின்வந்த திருத்தங்கள் அப்பேரவையை மாறிமாறி வலுவிழக்கச் செய்தும் மீட்டும் வந்துள்ளன. 2015இன் 19ஆவது திருத்தத்தில் மீண்ட அதிகாரம் 2020இன் 20ஆவது திருத்தத்தில் பறிபோய், 2022இன் 21ஆவது திருத்தத்தில் திரும்ப வந்தது. நியமன முறையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, அதைக் காக்கும் அரசியல் விருப்பமும் வேண்டும் என்பதை இலங்கை வரலாறு காட்டுகிறது.

உள்ளாட்சிகளின் நிலை

பள்ளிக்கரணை 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. அருகிலுள்ள தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் உள்ளிட்ட பகுதிகளைக் கொண்டு 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. மழைநீர் வடிகால், குப்பை, தெரு, ஏரிக்கரை என்று மக்களின் அன்றாடப் பணிகள் பலவும் இம்மாநகராட்சிகளின் பொறுப்பு.

இவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்வது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அது மாநில அரசின் ஒரு துறை. நிதித் துறையின் கீழ் இயங்குவது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் அதற்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதல் அளிக்கிறார். ஆனால் அவருக்குள்ள பதவிக்காலப் பாதுகாப்போ நீக்கத்துக்கு எதிரான காப்போ உள்ளாட்சித் தணிக்கைத் தலைவருக்கு இல்லை. மக்களுக்கு மிக அருகில் செலவாகும் பணத்தைச் சரிபார்ப்பவருக்கே சுதந்திரம் மிகக் குறைவு.

குடிமக்கள் செய்யக்கூடியது

அவையில் வைக்கப்பட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை தலைமைக் கணக்குத் தணிக்கையரின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் அறிக்கையைப் படிக்கும்போது நான்கு பகுதிகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது: எந்த விதியை அளவுகோலாகக் கொண்டார்கள், என்ன கண்டார்கள், அரசு என்ன விளக்கம் தந்தது, தணிக்கையர் என்ன பரிந்துரைத்தார். மூன்றாவது பகுதியைத் தவறவிடுபவர் அறிக்கையில் பாதியைத்தான் படித்தவர்.

அதன்பின் தொகுதி உறுப்பினரிடம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. இந்த அறிக்கை எழுதி முடித்த எத்தனை மாதத்தில் அவைக்கு வந்தது? எங்கள் பகுதியைப் பற்றிய பத்தியைப் பொதுக் கணக்குக் குழு விசாரித்ததா? பரிந்துரையின் மீது அரசு எடுத்த நடவடிக்கை என்ன?

சீர்திருத்தமாகப் பேசப்படுபவையும் மூன்றே. நியமனத்தில் எதிர்க்கட்சிக்கும் பங்கு வேண்டும். அறிக்கையை அவையில் வைக்கக் கால வரம்பு வேண்டும். குழுவின் விசாரணைகள் திறந்திருக்க வேண்டும். இவற்றில் கால வரம்பு ஒன்றேனும் இருந்திருந்தால், 2015 வெள்ளம் பற்றிய அறிக்கை எழுதி முடித்த சில வாரங்களிலேயே அவைக்கு வந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும், பெரும்பாலும் அக்டோபரில், வருகிறது. ஒரு மழைக்காலத்தைப் பற்றிய அறிக்கை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும், அதன் பரிந்துரைகளைச் சட்டமன்றம் பார்க்காத நிலையிலேயே அடுத்த மழை பள்ளிக்கரணைக்கு வந்து சேரும்.